விழுந்தால் ஒரு புள்ளிதான்



குருநகரில் பிறந்து வளர்ந்த எனக்கு ஐஸ் என்றால் மீன்தான் நினைவுக்கு வரும். விடியற்புறம் இறங்குதுறையில் படகுகள் வந்து சேர, ஐஸ் பாளங்களை உடைத்துப் பெட்டிகளில் நிரப்பும் சத்தத்தோடுதான் எங்கள் நாள் தொடங்கும். இறாலுக்கும் நண்டுக்கும் கணவாய்க்கும் ஐஸ் வேண்டும். அந்த ஐஸில் ஏறி நின்று ஆடி ஒருத்தி உலகம் சுற்றலாம் என்று யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடந்த விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து என் தங்கையின் குடும்பம் வந்திருந்தது. பதினான்கு வயதுப் பெறாமகள் அங்கே ஐஸ் தளத்தில் சறுக்கி ஆடப் பழகுகிறாள். பிகர் ஸ்கேற்றிங் என்கிறார்கள். ஒரு மாலை குந்தில் என் பக்கத்தில் வந்திருந்து கைத்தொலைபேசியைக் காட்டினாள்.

"பெரியம்மா, இஞ்ச பாருங்கோ. இவவும் தமிழ்ப் பிள்ளைதான்."

அந்தப் பிள்ளையின் பெயர் தாரா பிரசாத். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவள். குடும்பத்தின் வேர் தமிழ்நாட்டில். பயிற்சி அமெரிக்காவில் என்றாலும், போட்டிக்கு இறங்கியது இந்தியாவின் பெயரில். 2022இல் இந்தியாவின் தேசிய சம்பியன். 2025 பெப்ரவரியில் சீனாவின் ஹார்பின் நகரில் நடந்த ஆசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியில் பெண்கள் பிரிவில் எட்டாம் இடம்.

எட்டாம் இடம்தானா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். பெறாமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. பனி பெய்யும் நாடுகளில் பிள்ளைகள் நாலு ஐந்து வயதிலேயே தளத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்தியாவிலோ தரமான தளங்களை விரல்விட்டு எண்ணலாம். டெஹ்ராடூனில் 2011இல் கட்டிய பெரிய தளம்கூடப் பல வருடம் பூட்டிக் கிடந்து 2025இல்தான் மறுபடி திறக்கப்பட்டது. அப்படி ஒரு நாட்டின் பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டு எட்டாவதாக வருவது சின்ன விசயமில்லை என்றாள்.

பிறகு அந்த ஆட்டத்தின் வேலையை எனக்கு விளங்கப்படுத்தினாள். சப்பாத்தின் அடியில் இருக்கும் இரும்புத் தகடு ஏறத்தாழ நாலு மில்லிமீற்றர் அகலம். அதில் நடுவே மெல்லிய பள்ளம், இருபுறமும் இரண்டு விளிம்பு. அந்த விளிம்பு ஒன்றில் நின்றுதான் சுழல வேண்டும், பாய வேண்டும், ஒற்றைக் காலில் வந்து இறங்க வேண்டும். முன்பக்கமாகப் பாயும் பாய்ச்சல் ஒன்று உண்டு. அதற்கு அக்ஸல் என்று பெயர். அதில் மூன்று சுற்று என்றால் உண்மையில் மூன்றரைச் சுற்று. இறங்கும்போது உடம்பின் பாரத்தைப்போலப் பல மடங்கு அந்த ஒரு காலில் விழும்.

"முதல் நாள் உங்களுக்கு என்ன பழக்கினவை?" என்று கேட்டேன்.

"விழப் பழக்கினவை, பெரியம்மா."

நான் நம்பவில்லை. அவள் சீமெந்து நிலத்திலேயே செய்து காட்டினாள். முழங்காலை மடக்கிப் பதிய வேண்டும். பக்கவாட்டில் விழ வேண்டும். மற்றவர்களின் தகடு வெட்டாமல் விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு முழங்காலில் நின்று, ஒரு பாதத்தை முன்னே வைத்து, தொடையில் கையூன்றி எழும்ப வேண்டும். இதைப் பழகிய பிறகுதான் சறுக்கவே விடுவார்களாம்.

அதன்பின் தன்னுடைய போட்டி ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பாட்டு தொடங்கி அரை நிமிடத்தில் பிள்ளை தடாரென்று விழுந்தாள். என் நெஞ்சு பதறியது. பாட்டை நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. அவள் எழும்பி, தவறவிட்ட இடத்தைத் தேடாமல், பாட்டு எந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ அந்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

"விழுந்தால் தோல்விதானே?"

"இல்லை. விழுந்ததுக்கு ஒரு புள்ளி வெட்டுவினம். அந்தப் பாய்ச்சலுக்கும் புள்ளி குறையும். அவ்வளவுதான். அடுத்த பாய்ச்சலுக்குப் புதுசாப் புள்ளி."

சகோதரிகளே, அன்றிரவு இந்தக் கடைசி வசனம் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

இந்த முறை எப்போதும் இருந்ததில்லை. முன்பு நடுவர்கள் முழு ஆட்டத்தையும் பார்த்து ஆறு புள்ளிக்குள் மதிப்புப் போடுவார்கள். ஆட்டக்காரி யார், எந்த நாடு, அவளைப் பற்றி முன்பே என்ன எண்ணம் என்பதெல்லாம் அந்த மதிப்புக்குள் ஒளிந்துகொள்ள இடமிருந்தது. 2002 சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக்கில் நடுவர் தீர்ப்பில் பெரிய ஊழல் வெடித்த பிறகே, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒவ்வொரு சுழற்சிக்கும் தனித்தனியாகப் புள்ளி போடும் முறையைக் கொண்டு வந்தார்கள். ஒலிம்பிக்கில் அது முதன்முதலாக 2006இல் ரூறினில் நடைமுறைக்கு வந்தது.

பழைய முறையில் அகப்பட்டவர்களில் ஒருத்தி சூர்யா பொனாலி. பெயரைக் கேட்டதும் எங்கள் பிள்ளையோ என்று நினைத்தேன். பிரான்சின் நீஸ் நகரில் 1973இல் பிறந்து, தத்தெடுக்கப்பட்டு வளர்ந்த கறுப்பினப் பெண் அவர். வளர்த்தவர்கள் சூரியனின் பெயரை வைத்தார்கள். 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பிய சம்பியன். உலகப் போட்டியில் 1993, 1994, 1995 என மூன்று முறையும் வெள்ளி. 1994இல் யப்பானில் மிகச் சிறிய வித்தியாசத்தில் தங்கம் கைநழுவியபோது, கழுத்தில் போட்ட பதக்கத்தை அழுதுகொண்டே கழற்றிவிட்டார். மரியாதை தெரியாதவள் என்று அன்று பலர் ஏசினார்கள். நிறத்தைப் பார்த்துத்தான் புள்ளி குறைத்தார்களா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

1998இல் நாகானோ ஒலிம்பிக். குதிக்கால் நரம்பு அறுந்து தேறிய உடம்பு, நோவோடு ஆடினார். பதக்கம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. அப்போது அவர் பின்பக்கமாகக் குத்துக்கரணம் அடித்து ஒற்றைக் காலில் வந்து இறங்கினார். அது தடை செய்யப்பட்ட வித்தை. புள்ளி போகும் என்று தெரிந்தே செய்தார். பத்தாம் இடத்தோடு போட்டி வாழ்க்கையை முடித்துக்கொண்டு, பிறகு காட்சி ஆட்டங்களில் ஆடியும் பிள்ளைகளுக்குப் பழக்கியும் பிழைத்தார். அந்தத் தடையை 2024இல் நீக்கிவிட்டார்கள். இருபத்தாறு வருடம் பிந்திய நீதி.

இனி, என் நித்திரை போன கதை.

எங்கள் மாதர் குழுவில் ஒரு தங்கச்சி. தகப்பன் 1986 யூன் 10ஆம் திகதி மண்டைதீவுக் கடலில் கொல்லப்பட்ட எங்கள் ஊர்த் தொழிலாளர்களில் ஒருவர். கணவர் 2009க்குப் பிறகு திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகள். கருவாட்டுத் தொழிலுக்கென்று குழுவின் சேமிப்பிலிருந்து ஐம்பதினாயிரம் ரூபா கடன் எடுத்தாள். பத்துத் தவணை. ஏழு தவணையைத் திகதி தவறாமல் கட்டினாள். கார்த்திகை மழை பிடித்து, பரணில் கிடந்த கருவாடு முழுக்கப் புழுத்துப் போனது. மூன்று தவணை கட்டவில்லை. வெட்கத்தில் கூட்டத்துக்கும் வருவதை நிறுத்திவிட்டாள்.

மறுபடி சிறு கடன் கேட்டு அவள் ஒரு துண்டு எழுதி அனுப்பியபோது, "அவவை நம்பேலாது" என்று முதலில் சொன்னது வேறு யாருமல்ல, நான்தான். குழுவின் காசு எல்லோருடைய காசு, எல்லோரும் இல்லாதவர்கள் என்பது என் நியாயம். அது பிழையான நியாயமும் அல்ல. ஆனால் நான் அவளுக்குப் போட்டது பழைய காலத்துப் புள்ளி. ஒரு விழுகையை வைத்து முழு ஆட்டத்துக்கும் போட்ட புள்ளி. கட்டிய ஏழு தவணையை நான் எண்ணவே இல்லை.

அடுத்த நாள் அவள் வீட்டுக்குப் போனேன். நான் சொன்ன சொல் அவள் காதுக்கு ஏற்கனவே போயிருந்தது. "என்னக்கா, காசு கேட்டு வந்தனீங்களோ?" என்றாள். இருக்கச் சொல்லவில்லை. நான் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். அது எனக்குப் போதும்.

அந்த மாதக் கூட்டத்தில் கணக்குக் கொப்பியை விரித்து, கட்டிய தவணை, கட்டாத தவணை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாசித்தோம். ஒரு அக்கா கடைசிவரை சம்மதிக்கவில்லை. அவவின் பயத்தையும் கொப்பியில் எழுதினோம். முடிவில் பதினையாயிரம் ரூபா கொடுப்பது என்றும், பழைய மூன்று தவணையைச் சிறு சிறு பகுதியாகக் கட்டுவது என்றும், அந்தக் காசில் முதல் வாங்குவது பரணை மூடத் தறப்பாள் என்றும் தீர்மானித்தோம். விழுந்த காரணத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? இது சரிவருமா என்பது அடுத்த மாரியில்தான் தெரியும்.

எங்களுக்கெல்லாம் ஊர் புள்ளி போட்டிருக்கிறது. விதவை, காணாமற்போனவரின் மனைவி, முகாமிலிருந்து வந்தவள், கடன்காரி என்று ஒற்றைச் சொல்லில் முழு வாழ்க்கைக்கும் போட்ட புள்ளி. அது எவ்வளவு நோகும் என்று தெரிந்த நாங்களே இன்னொருத்திக்கு அதையே போடலாமா?

உங்கள் குழுவில், உங்கள் ஒழுங்கையில், கூட்டத்துக்கு வராமல் நின்றுவிட்ட ஒருத்தி இருப்பாள். இந்த மாதம் அவள் வீட்டுப் படலையைத் தட்டுங்கள். அவள் கட்டிய தவணைகளை எண்ணிக்கொண்டு போங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் குருநகர் அக்கா