யாருடைய தோல்?

பனியனின் நெஞ்சில் இருக்கிற படம் எப்படி அங்கே வந்தது என்று அதைப் போட்டுக்கொண்டிருக்கிற யாரும் கேட்பதில்லை. சே குவேரா படமானாலும் சரி, அம்பேத்கர் படமானாலும் சரி. ஏப்ரல் 14-க்கு நாம் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போகிற நீல பனியனையும் சேர்த்தேதான் சொல்கிறேன். அதுவும் ஏதோ ஒரு பிரிண்டிங் பட்டறையில், யாரோ ஒருத்தன் நின்றுகொண்டே இழுத்த கலர்தான்.

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஆர்டர் எடுக்கும். நூல் ஓரிடத்தில் துணியாகும், இன்னோரிடத்தில் சாயம் ஏறும். வெட்டின பீஸ்கள் மூட்டையாகி டெம்போவில் பிரிண்டிங்குக்கு வரும். ஜாப் ஒர்க். நீள மேஜையில் கம் தடவி பீஸை ஒட்டுகிறார்கள். ஸ்கிரீனை வைத்து, கலரை ஊற்றி, இழுத்து, தூக்கி, அடுத்த பீஸுக்கு நகர வேண்டும். ஆறு கலர் டிசைன் என்றால் அதே மேஜையை ஆறு முறை நடந்து முடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஃபேன் ஓடாது. ஏன் என்று கேட்டால், "ஃபேன் போட்டா ஸ்கிரீன்ல கலர் காஞ்சு போயிருமுங்க" என்கிறார்கள். கலர் காயக்கூடாது, ஆள் காயலாம். அச்சடித்த பீஸ் அதற்கப்புறம் 150, 160 டிகிரி சூட்டில் கியூரிங் மெஷினுக்குள் போய் வருகிறது. அந்த மெஷினின் வாயில் பீஸ் பிடிக்கிறதற்கு ஒரு பையன் நிற்கிறான்.

சட்டத்தில் வேலை நாள் எட்டு மணி நேரம். திருப்பூரில் அதற்கு வேறு கணக்கு. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஷிப்மெண்ட் நெருங்கினால் ராத்திரியும் சேரும். சனிக்கிழமை சம்பளம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. அதைப் பட்டறையில் கேட்டவனுக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது.

வாரம் 54 மணி நேரத்தை 48 ஆகக் குறைக்கிற மசோதாவை 1946-ல் கொண்டுவந்தவர், அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த அம்பேத்கர். அந்த எட்டு மணி நேரத்தைப் பன்னிரண்டாக நீட்ட வழிசெய்யும் திருத்தத்தை 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியதும் மே நாளன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். பட்டறைக்காரர்கள் சிரித்திருப்பார்கள். அங்கே நீட்ட என்ன பாக்கி இருந்தது?

நேரம், கூலி பற்றியாவது சங்கங்கள் பேசியிருக்கின்றன. 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் திருப்பூர். யாரும் பேசாதது உடம்பைப் பற்றி.

ஸ்கிரீனில் டிசைன் ஏற்றப் பூசும் மருந்தில் பைக்ரோமேட் கலப்பது பழைய மலிவான முறை. அதில் இருக்கிற குரோமியம் கையில் ஆறாத புண்ணைத் தோண்டும், மூக்கின் நடுச்சுவரை ஓட்டையாக்கும், நுரையீரலில் புற்றுநோய் தரும். குரோமியம் என்றால் என்னவென்று ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் ஷாப்புகளில் உழைத்த நம் சனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இது அதைவிடக் கொடிய வகை. அச்சு முடிந்தபின் ஸ்கிரீனைத் துடைக்கத் தின்னர், டொலுயீன். வெறுங்கையில் வேஸ்ட் துணி. தலைவலியும் கிறுகிறுப்பும் சாயங்காலத்துக்குள் வந்துவிடும். நரம்புக்கும் ஈரலுக்கும் வருவது வருசங்கள் கழித்துத்தான் வரும். அதற்குள் அந்த ஆள் வேலை செய்தது எந்தப் பட்டறை என்கிற தடயமே இருக்காது.

டிஸ்சார்ஜ் பிரிண்ட் என்று ஒன்று. சாயத்தைத் தின்று, அந்த இடத்தில் புதுக் கலரை உட்காரவைக்கிற முறை. கியூரிங்கில் அழுகின முட்டை நாற்றம் வரும். கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்ட சரக்கு அது.

இது வெள்ளைக்காரனுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். 1992 முதல் அய்ரோப்பாவில் ஓகோ-டெக்ஸ் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். உடம்பில் படும் துணியில் கிலோவுக்கு 75 மில்லிகிராமுக்கு மேல் ஃபார்மால்டிஹைடு இருக்கக்கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் துணி என்றால் சோதனையில் தென்படவே கூடாது. நியாயம்தான், குழந்தைதானே. ஆகவே இங்கே என்ன செய்கிறார்கள்? அடித்த துணியை நன்றாக அலசுகிறார்கள். அலசினால் போய்விடும். துணி பாஸ். கியூரிங் மெஷின் வாயில் நின்ற பையனின் மூச்சுக்குள் போனதை எந்தத் தண்ணீரில் அலசுவது? துணியைத் தொடப்போகிற தோலுக்கு ஆய்வகமும் வரம்பும் முத்திரையும் உண்டு. துணியைச் செய்கிற தோலுக்கு எதுவும் கிடையாது. இந்த நாட்டில் தோலுக்குத் தோல் தராதரம் பார்ப்பதற்குப் பெயர் என்னவென்று நமக்குத் தெரியும். அது கப்பலேறிச் சான்றிதழாகத் திரும்பி வந்தால் மட்டும் பெயர் மாறிவிடுமா?

பிரிண்டிங்கில் யார் சாவறாங்க என்று கேட்பவர்களுக்காக இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். 1992-ல் ஸ்பெயினின் அல்கோய் பகுதியில், துணிக்கு ஸ்பிரே மூலம் கலர் அடித்த சின்னப் பட்டறைகளில் நுரையீரல் கெட்டு ஆறு பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். கையால் பூசியபோது தொல்லை தராத கலவையைப் புகையாக அடித்ததுதான் காரணம் என்று பிறகு கண்டார்கள். இன்னொன்று ஒசாகா. ஒரு காகித அச்சகத்தில் மையைத் துடைக்கும் திரவத்தால் சின்ன வயசுக்காரர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்தது 2012-ல் வெளியானது. இரண்டு ஊரிலும் நோயாளிகளை வரிசைப்படுத்திப் பார்க்க ஆள் இருந்தது. நமது பையன் ஒடிசாவுக்கோ ஜார்கண்டுக்கோ தருமபுரிக்கோ திரும்பிப் போய் இருமுகிறான். யார் வரிசைப்படுத்துவது?

நொய்யலுக்கு ஒரு வழக்கு இருந்தது. ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. நல்ல தீர்ப்பு. அதற்காகப் போராடியது ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம், அதாவது நிலம் உள்ளவர்கள். பாழான நிலத்தைக் காட்டி இழப்பீடு கேட்க முடிந்தது. நிலமே இல்லாதவன் எதைக் காட்டுவான்? அவனிடம் பாழாவதற்கு இருந்தது உடம்பு ஒன்றுதான்.

நான் வங்கி எழுத்தர். இப்படிப்பட்ட பட்டறைகளின் கடன் கணக்குகள் என் மேஜைக்கு வருகின்றன. மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் வரவேண்டும். மெஷினுக்கும் சரக்குக்கும் தீ இன்சூரன்ஸ் கட்டியாக வேண்டும்; ஒரு நாள் தவறினாலும் நோட்டீஸ் அனுப்புவோம். தின்னர் டிரம்முக்குக்கூட இன்சூரன்ஸ் உண்டு. அதே டிரம்மில் கைவிடுகிறவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்க எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் கிடையாது. சரக்குப் பார்க்க மேலாளரோடு போன இடங்களில் நானாகக் கேட்டிருக்கிறேன். "எட்டுப் பேர்தானுங்க, அது நமக்கு வராது" என்பார் ஓனர். மேஜையைச் சுற்றி எண்ணினால் பதினெட்டு இருக்கும். தொழிற்சாலைச் சட்டத்தைப் பொறுத்தவரை இனி அவர் பொய் சொல்லவும் தேவையில்லை. மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தால் தொழிற்சாலை என்றது பழைய சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட புதிய தொகுப்பு அதை இருபதாக்கிவிட்டது.

நான் பார்த்த பட்டறைகளில் கலர் கலக்குகிற மாஸ்டர் ஒரு சாதி, ஸ்கிரீன் கழுவுகிற கை பெரும்பாலும் வேறு சாதி. சட்டமாக எழுதி வைத்ததல்ல, தானாக அப்படி அமைகிறது என்பார்கள். பம்பாய் மில்களிலும் தானாகத்தான் அமைந்தது. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், எச்சில் படும், ஆகவே நல்ல கூலி கிடைத்த நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களுக்கு இடமில்லை. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைச் சங்கத் தலைவர்கள் முன் வைத்தார். வர்க்க ஒற்றுமை பேசியவர்களுக்கு அது கசந்தது. இன்றைக்குச் சங்கத்தில் போய் ஸ்கிரீன் கழுவுவது யார் என்று கேட்டுப் பாருங்கள், அதே கசப்பு தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பண்ணையத்திலிருந்தும், முன்பணம் வாங்கிவிட்டு நகர முடியாத விசைத்தறியிலிருந்தும் தப்பித்து பஸ் ஏறியவர்களுக்குத் திருப்பூர் ஒரு விடுதலை. டீக்கடையில் தனி டம்ளர் கிடையாது, கையில் வாரச் சம்பளம், யாரையும் "சாமி" என்று கூப்பிட வேண்டாம். "ஊருக்குப் போய் கவுண்டர் காட்டுல நிக்கறதுக்கு இந்த நாத்தம் எவ்வளவோ தேவலைங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவரிடம் வேலையை விட்டுவிடு என்று சொல்ல நாம் யார்? வேலை இருக்கட்டும், நாற்றம்தான் போகவேண்டும். புகையை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்ட், தின்னர் ஊறாத கையுறை, வருசத்துக்கொரு ரத்தப் பரிசோதனை. ஒரு பனியனின் விலையில் இதெல்லாம் எத்தனை பைசா? இறக்குமதி செய்கிற கம்பெனி துணிக்குச் சோதனை கேட்பது போல ஆளுக்கும் சோதனை கேட்கட்டும். அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் சங்கங்கள் இதை ஒரு கோரிக்கையாக எழுதி வைக்கட்டும்.

அதுவரைக்கும் நம்மால் ஆகிற காரியம் ஒன்று உண்டு. டப்பாக்களின்மேல் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது, பொடி எழுத்தில். இந்த இதழ் வாசகர்களில் வேதியியல் படித்தவர்கள் இருக்கிறீர்கள். பைக்ரோமேட், டொலுயீன், டிஸ்சார்ஜ் பவுடர் மூன்றுக்கும் எதைத் தொடக்கூடாது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, எந்த அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ஆளுக்கொரு பக்கம் எழுதுங்கள். தமிழில் ஒன்று, இந்தியிலும் ஒடியாவிலும் ஒவ்வொன்று. ஜெராக்ஸ் செலவு என்னுடையது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் நின்று கொடுக்கலாம்.