தரப்படுத்தலும் நியாயத்தின் அளவுகோலும்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் நமது சமூகத்தின் பழைய காயமொன்று கிளறப்படுகின்றது. அதனை உணர்ச்சிக்கு அப்பால் நின்று அளந்து பார்க்க, அமெரிக்கத் தத்துவஞானி ஜோன் றோல்ஸின் சிந்தனை உதவக்கூடும்.

1971 ஆம் ஆண்டு வெளியான 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' என்ற நூலில், நியாயத்தன்மையே நீதி என அவர் வாதிட்டார். தாம் எந்த இனத்தில், எத்தகைய வீட்டில், என்ன ஆற்றலுடன் பிறப்போம் என்பதை அறியாதவாறு ஒரு திரைக்குப் பின்னால் நின்று விதி வகுப்போர் எதனை ஏற்பரோ அதுவே நீதியானது என்பது அவரது நிலைப்பாடு. ஒத்த ஆற்றலும் ஒத்த முயற்சியும் உடைய இருவரின் எதிர்காலம் பிறந்த குடும்பத்தின் வசதியால் வேறுபடலாகாது என்றும் அவர் வலியுறுத்தினார்.

அந்நூல் வெளிவந்த காலத்திலேதான் இலங்கையில் மருத்துவபீட அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400 க்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. கொழும்பின் முன்னணிக் கல்லூரி மாணவனுக்குச் சலுகை. ஆய்வுகூடமே இல்லாத மன்னார்ப் பாடசாலை மாணவனுக்குத் தண்டனை. தான் எம்மொழியில் கற்கப்போகின்றோம் என்பதை அறியாத எவரும் இவ்விதிக்கு உடன்பட்டிருக்கமாட்டார்.

1974 இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு வேறு வகையானது. யாழ்ப்பாண மாணவரை அது கடுமையாகப் பாதித்தது உண்மையே. ஆயினும் வன்னிக்கும் கிழக்குக்கும் அது வழிதிறந்தது என்பதை, கசப்பாயினும், நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் கண்டித்து வந்தமை நமது அரசியலின் தவறுகளுள் ஒன்று.

இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றது. எனினும் மாவட்டம் என்ற அலகு மறைப்பதும் உண்டு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம்தான். ஆனால் அங்கு நகரப் பாடசாலையில் பயிலும் வர்த்தகரின் பிள்ளைக்கும் தோட்டத்து லயன் அறையிலிருந்து மலையேறிச் செல்லும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே. சலுகை யாரின் பெயரால் வழங்கப்படுகின்றதோ அவரை அது சென்றடைவதில்லை.

பாடசாலையை அலகாகக் கொள்வது நிர்வாகச் சிக்கல் நிறைந்தது என அதிகாரிகள் கூறக்கூடும். ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1 ஏபி பாடசாலைகள் எவை, அப்பிரிவற்ற 1 சி பாடசாலைகள் எவை என்ற விபரம் கல்வி அமைச்சின் கோவைகளிலேயே பல காலமாக இருக்கின்றது.