போனைப் பிடுங்காதீர்கள்... நேரத்தைப் பேசி வையுங்கள்!

புவனகிரியில் ஒரு வீட்டில் நடந்தது இது. பெயர் வேண்டாம். உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு நிச்சயம் இருக்கும்.

அப்பா நெய்வேலிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர். அம்மா வீட்டோடு. மகன் ப்ளஸ் ஒன் படிக்கிறான். அன்று ராத்திரி பத்தரை மணி. தாழ்ப்பாள் போட வந்த அம்மா, பையன் இன்னும் போனில் 'டுமீல் டுமீல்' என்று சுட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"போதும், வைடா."

"ரெண்டு நிமிஷம்மா!"

பத்து நிமிஷம் கழித்து மறுபடி வந்தார். மறுபடி அதே "ரெண்டு நிமிஷம்மா!" மூன்றாவது தடவை அவர் பேசவில்லை. போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

பையன் கத்தினான். பெற்றவளைப் பார்த்து அதுவரை சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னான். அம்மா அறைந்தார். அவன் செருப்புகூடப் போடாமல் வெளியே போய்விட்டான்.

அப்பா டியூட்டியில். அம்மாவும் ஆயாவும் பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தேடினார்கள். வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் நின்று இருட்டில் கீழே எட்டிப் பார்த்தபோது அந்தத் தாயின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! கடைசியில் ஒரு மணிக்கு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டான், அது போதும்க்கா. ஆனா அன்னியிலேர்ந்து போன் பத்திப் பேசவே பயமா இருக்கு. விட்டாலும் பயம், கேட்டாலும் பயம். நான் என்னதான் செய்யறது?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்வி. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும். கண்டிப்பாக வேண்டும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு ராத்திரி பத்தரை மணிக்கு, கோபத்தில் பிறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு, எல்லாரும் உட்கார்ந்து பேசி உருவாக வேண்டும்.

அவன் ஏன் கத்தினான்?

நம் காலத்தில் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை சினிமா பார்த்தோம். அப்பா திட்டினாலும் திட்டாவிட்டாலும் நிகழ்ச்சி தானாக முடிந்துவிடும். அடுத்து செய்தி வரும், நாம் எழுந்து போவோம். டி.வி.யில் சொருகி ஆடிய பழைய வீடியோ கேமைக்கூட பாதியில் நிறுத்திவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம்.

இப்போதைய ஆன்லைன் விளையாட்டு அப்படி இல்லை. பையன் தனியாக ஆடவில்லை. கூடவே மூன்று நண்பர்கள், ஒருவன் சிதம்பரத்தில், ஒருவன் கடலூரில். எதிரே முன்பின் தெரியாத பல பேர். ஒரு ஆட்டம் முடிய அரை மணி நேரம்கூட ஆகும். நடுவில் நிறுத்திவைக்க வழி கிடையாது. பாதியில் விலகினால் அவன் அணி தோற்கும். அவனுடைய புள்ளிகளும் குறையும். தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவனை கடைசி ஓவரில் காதைப் பிடித்து இழுத்து வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் அவனுக்கும்!

இதற்காக அவன் பேசிய வார்த்தையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் காரணம் தெரிந்தால் வழியும் தெரியும். இந்த விளையாட்டுகள் தானாக முடிவதில்லை. ஒரு ஆட்டம் முடிந்தால் உடனே அடுத்தது தயார். தினமும் உள்ளே வந்தால் பரிசு, வராவிட்டால் நஷ்டம் என்று பிள்ளையை இழுத்துப் பிடிக்கிற மாதிரியே செய்திருக்கிறார்கள். பெரிய பெரிய கம்பெனிகளின் மூளைக்கு எதிரே பதினாறு வயதுப் பையனைத் தனியாக நிறுத்திவிட்டு, "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லையா?" என்று கேட்பது சரியா?

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியபோது, கடன் வாங்கியாவது போன் வாங்கிக் கொடுத்தது நாம்தான். இன்றைக்கும் பல பள்ளிகளில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஆகவே 'போனே கூடாது' என்பது நடக்காத பேச்சு.

சர்க்கார் காட்டிய ஒரு வழி

தமிழ்நாடு அரசு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் சட்டசபை மறுபடி நிறைவேற்றியது. அதன் கீழ் 2025 பிப்ரவரியில் சில விதிகள் வந்தன. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டில் 18 வயதுக்குக் கீழே யாரும் சேரக் கூடாது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை யாருமே உள்ளே நுழையக் கூடாது என்றார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதிகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்து பாராளுமன்றமும் சட்டம் இயற்றியது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த '12 முதல் 5' என்ற கணக்கை. மீசை முளைத்த பெரியவர்களுக்கே ராத்திரியில் பூட்டு வேண்டும் என்று அரசு நினைத்திருக்கிறது. ஆனால் உங்கள் பிள்ளை ஆடுகிற சாதாரண துப்பாக்கிச் சண்டை, கார் ரேஸ் விளையாட்டுகளுக்கு அந்தப் பூட்டு கிடையாது. அங்கே பூட்டுப் போடவேண்டியது நீங்கள்தான்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு தென் கொரியா சாட்சி. அங்கே 2011-ல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிள்ளைகளா விடுவார்கள்? பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே புகுந்தவர்கள் உண்டு. பத்து வருஷம் கழித்து, 2021-ல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்தார்கள். பிள்ளையோ பெற்றோரோ கேட்டுக்கொண்டால், அவர்கள் சொல்லும் நேரத்தில் விளையாட்டை அடைத்துவைக்கும் ஏற்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஊரைச் சுற்றி, விஷயம் கடைசியில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது!

முதலில் தூக்கம்

'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அனுமதிக்கலாம்?' என்றுதான் எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கணக்கே சொல்லியிருக்கிறது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று. ஆனால் டீன்-ஏஜ் பிள்ளைக்கு ஒரே கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நான் சொல்வது இது: அதை முடித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். எதை? தூக்கம், பள்ளிக்கூடம், வீட்டுப்பாடம், வெளி விளையாட்டு, வீட்டாரோடு ஒரு வேளைச் சாப்பாடு.

13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். காலை ஆறு மணிக்கு எழ வேண்டியவன் ராத்திரி பத்து மணிக்காவது படுத்தாக வேண்டும். அப்படியானால் ஒன்பதரைக்குப் போன் கையை விட்டுப் போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான். வெளியில், வெயில் வெளிச்சத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. சாயங்காலம் ஒரு மணி நேரம் பந்தை எடுத்துக்கொண்டு ஓட விடுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க...

* நேரத்தை நிமிஷத்தில் பேசாதீர்கள், ஆட்டத்தில் பேசுங்கள். "ஒரு மணி நேரம்" என்பதைவிட "இரண்டு ஆட்டம்" என்பது அவனுக்குப் புரியும். "ஒன்பது மணிக்கு மேல் புது ஆட்டம் ஆரம்பிக்கக் கூடாது" என்பதே நல்ல விதி. அவன் சொல்லும் 'ரெண்டு நிமிஷத்'துக்கு அங்கே இடமில்லை.

* ராத்திரியில் எல்லா போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லா போனும் என்றால் அப்பா போனும்தான், அம்மா போனும்தான்! நாம் படுக்கையில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பிள்ளைக்கு உபதேசம் செய்தால் எடுபடாது. அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் வாங்கி வையுங்கள்.

* பணம் அனுப்பும் ரகசிய எண் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். விளையாட்டு இலவசம்தான், உள்ளே விற்கிற துப்பாக்கி, சட்டை, 'அதிர்ஷ்டப் பெட்டி' எதுவும் இலவசமில்லை. பெட்டியைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியாமலே காசு கட்ட வேண்டும். 2003-ல் நம் மாநிலத்தில் ஒழித்த லாட்டரிச் சீட்டுக்கு இது தம்பி! பெல்ஜியம் நாட்டில் 2018-லேயே இதைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டார்கள்.

* விதியை மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டியே பேசுங்கள். மறுநாள் ஆட்டம் கிடையாது, அவ்வளவுதான். போனை உடைப்பது, உறவுக்காரர் முன்னால் மானத்தை வாங்குவது, அடிப்பது எல்லாம் வேண்டாம்.

* பையனுக்கு ஒரு விதி, பெண்ணுக்கு ஒரு விதி வேண்டாம். "அவன் ஆம்பளைப் பையன், ஆடட்டும், நீ போனைத் தொடாதே" என்கிற வீடுகளில் இரண்டு பிள்ளைகளுமே கெட்டுப்போகிறார்கள்.

* ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னடா, எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். யாரோடு ஆடுகிறான், என்ன பேசுகிறான் என்பதெல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். பேசி வைப்பது இடம் கொடுப்பது ஆகாது. தானும் சேர்ந்து போட்ட விதியை மீறும்போது பிள்ளைக்கே கொஞ்சம் கூச்சம் வரும். நாம் தலையில் கட்டிய விதியை மீறினால் அவனுக்கு அது வெற்றி!

எப்போது டாக்டரைப் பார்ப்பது?

ஆடுகிற பிள்ளையெல்லாம் நோயாளி இல்லை. அவசரப்பட்டு 'அடிமை' என்று பட்டம் கட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை. மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிப் போவது. கெடுதல் வந்த பிறகும் தொடர்வது. இவை சேர்ந்து படிப்பு, வீடு, நட்பு எல்லாவற்றையும் பாதித்து, பொதுவாக ஒரு வருஷமாவது நீடித்தால்தான் அது நோய். அதற்காக ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், சாப்பாடு தூக்கம் கெட்டுவிட்டது, எதிலும் சிரிப்பில்லை என்றால் உடனே மனநல டாக்டரைப் பாருங்கள். சில சமயம் மனச்சோர்வுதான் முதலில் வந்திருக்கும். விளையாட்டு அதற்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம்.

'செத்துடுவேன்' என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். தனியே விடாமல் கூட இருங்கள். 14416 என்ற இலவச மனநல எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

புவனகிரி வீட்டுக்கு வருவோம். அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா லீவில் இருக்கும்போது பேச்சை எடுத்தார். முதலில், "அன்னிக்கு அறைஞ்சது என் தப்பு" என்று சொன்னாராம். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒம்போது மணிக்கு மேல புது மேட்ச் போட மாட்டேன்" என்றான். பத்து நாளில் இரண்டு நாள் மீறியிருக்கிறான். அந்த இரண்டு மறுநாளும் ஆட்டம் இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனால் வீட்டில்தான் இருந்தான்.

"இப்ப பயம் போயிடுச்சா?" என்று கேட்டேன்.

"முழுசா போகலைக்கா. ஆனா ராத்திரி தூங்கறேன்" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலும் பேச ஆரம்பியுங்கள்.