அண்ணி வந்துச்சு

தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரச் சிற்றூரிலிருந்து வியாசர்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணொருத்தி, ஒரு நாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கண் கலங்கினாள். அவள் கடையிலிருந்து திரும்பியதைக் கண்ட கொழுந்தன், பத்து வயதுச் சிறுவன், "அம்மா, அண்ணி வந்துச்சு" என்று உள்ளே குரல் கொடுத்தானாம்.

"ஆடு வந்துச்சு, மாடு வந்துச்சு என்பது போல என்னைச் சொல்லலாமா? எங்கள் ஊரில் 'மயினி வந்தாக' என்றல்லவா சொல்வார்கள்!" என்றாள். மாமியாரிடம் முறையிட்டிருக்கிறாள். அவரோ, "என்னைப் பெற்றவளையே நான் அப்படித்தானே சொல்வேன்!" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு புண்ணில் வேல் பாய்ச்சியது போலாயிற்று. இரண்டு நாள்களாக இருவருக்கும் பேச்சில்லை.

அன்பர்களே, குற்றவாளி அச்சிறுவனா, இலக்கணமா?

மக்களை உயர்திணை என்றும், பிறவற்றை அஃறிணை என்றும் வகுத்தார் தொல்காப்பியர். ஆயினும் அரசு, குழவி, விருந்து போன்ற சொற்கள் மக்களையே குறித்தாலும் அஃறிணை முடிபு பெறும் என்றும் அவரே விதிவிலக்கு அளித்தார். தொட்டிலில் கிடக்கும் மழலையை இன்றும் "சிரிக்கிறது" என்றுதான் சொல்கிறோம். எந்தத் தாயும் அதற்காக வருந்துவதில்லை. பின்வந்த நன்னூலார் மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்தார். நரகத்தில் வீழ்ந்தவனுக்கும் அத்தகுதியை அவர் மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது!

வடசென்னைத் தெருக்களில் தமிழோடு தெலுங்கும் கலந்து ஒலிப்பதை அறிவோம். தெலுங்கில் பெண்ணொருத்தி வந்தாலும் பசு வந்தாலும் "வச்சிந்தி" என்ற ஒரே வினைதான். ஆண்மகன் ஒருவனுக்கு மட்டும் "வச்சாடு" என்ற தனி வடிவம். ஆனால் பெண்கள் இருவராக வந்துவிட்டால் ஆடவரோடு சேர்ந்து "வச்சாரு" ஆகிவிடுவர். பசுக்கள் இரண்டு வந்தால் "வச்சாயி" என்று விலகி நிற்கும். பெற்ற தாயைப் பாசத்தோடு "அம்ம வச்சிந்தி" என்பவர் தாயை இகழ்கிறாரா? "அண்ணி வந்துச்சு" என்பதைத் தெலுங்கின் நிழல் என்பாரும் உண்டு. தெலுங்கு அதிகம் வழங்காத ஊர்களிலும் இவ்வழக்குக் கேட்பதால் அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

நீலகிரித் தோடர் மொழியிலோ அவன், அவள், அது மூன்றுக்கும் ஒரே சொல். கடல் கடந்து சென்றால், எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் பப்புவா நியூகினி நாட்டில் அராபெஷ் என்றொரு சிறு மொழி உண்டு. அதன் பெயர்ச்சொற்கள் பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளாகப் பிரிகின்றன. உயர்வு தாழ்வு பார்த்தல்ல. பெரும்பாலும் சொல்லின் இறுதி ஒலியே வகுப்பை முடிவு செய்கிறது. வினையும் அதற்கேற்ப மாறும். ரியோ பார்ச்சூன் என்ற அறிஞர் 1942-இல் வெளியிட்ட நூலில் இதன் இலக்கணத்தை விளக்கினார். அங்குள்ள இளந்தலைமுறையினர் டோக் பிசின் என்னும் பொதுமொழிக்கு மாறிவருவதால், இந்நுட்பமெல்லாம் முதியோர் நாவோடு மறையும் நிலையில் உள்ளது.

பேச்சு வழக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வீரமாமுனிவர் செந்தமிழுக்கு இலக்கணம் செய்ததோடு நில்லாமல், கொடுந்தமிழுக்கும் தனி இலக்கணம் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று.

இவ்வளவையும் அப்பெண்ணிடம் சுருக்கமாகச் சொன்னேன். முகம் சற்றுத் தெளிந்தது. அப்போது தெருப் பெருக்கும் அம்மையார் வண்டியைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து சென்றார். உடனே அவள் எழுந்து, "குப்பை எடுக்கிறது வந்துட்டுது, நான் போகணும்" என்றாள்.

"உன் ஊரில் இவரை எப்படிச் சொல்வார்கள், மகளே?" என்று கேட்டேன். மயினிக்கு "வந்தாக" என்னும் மரியாதையை அறிந்த நாவல்லவா? இங்கே இலக்கணத்தின்மேல் பழி போட வழியில்லை. அவள் பதில் சொல்லாமல் தலை குனிந்தபடி வீட்டுக்கு நடந்தாள்.

சென்ற ஞாயிறன்று அவ்வீட்டுப் பக்கம் போனேன். என்னைக் கண்ட சிறுவன் உள்ளே திரும்பி, "மயினி, தாத்தா வந்துச்சு!" என்று கூவினான். "வாங்க" என்று சிரித்தபடி வந்தவள், வாசலில் நின்ற அம்மையாரிடம், "நீங்களும் உட்காருங்கம்மா, காப்பி ஆகிவிட்டது" என்றாள்.