ஐந்து விரலும் விரிய

என் அக்கா மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பத்து வருடம் மெஷினில் நின்றவனைப் போன மாதம் லைன் லீடர் ஆக்கினார்கள். நாற்பது பேர் அவனுக்குக் கீழே. தலைமைப் பண்புக்கென்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு கையேட்டையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். "படிச்சுப் பாருங்க மாமா" என்று ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து வைத்தான். அன்று ராத்திரி படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எப்படி நிற்பது, எப்படிக் கைகுலுக்குவது, குரலை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது, சோர்ந்தவனை எப்படித் தட்டிக்கொடுப்பது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பொறுப்பை ஒப்படைக்கும்போது யாரிடம் என்ன கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை.

மறுநாள் சாயங்காலம் அவனை உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். அதன் சுவரில் இருக்கும் கல்வெட்டைப் பற்றி எத்தனை தடவை எழுதுவாய் என்று பழைய வாசகர்கள் கேட்கலாம். நாம் அதைப் பாதிதான் படித்திருக்கிறோம். மீதியைப் படிக்கும்வரை எழுதுவேன். வெயில் சாயும்போதுதான் அந்த எழுத்துகள் நிழல் பிடித்து எழும். உச்சி வெயிலில் போனால் வெறும் கல்தான் தெரியும்.

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இல், வாரியங்களுக்கு, அதாவது ஊர் நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்க இந்த ஊர்ச் சபை ஒரு விதி எழுதியது. குறை தெரிந்ததும், இரண்டே வருடத்தில், 921-இல், அதைத் திருத்தி எழுதியது. ஊர் முப்பது குடும்பு, அதாவது முப்பது பகுதி. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டட அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. ஆனால் குடத்தோடு நின்றுவிடுகிறோம். நான் வருடக்கணக்காகச் சொல்லிவரும் ஆற்றாமை இதுதான்: குடத்தைக் கொண்டாடுகிறோம், கணக்கை மறந்துவிட்டோம்.

அதே கல்வெட்டு சொல்கிறது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. தடை அவனோடு நிற்காது. அவன் பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, தாய்மாமன், மாமனார், மச்சான், மருமகன் வரைக்கும் போகும். உடன்பிறந்தாள் மகனும் அந்தப் பட்டியலில் உண்டு. "அப்ப நீங்க கணக்குக் காட்டலன்னா நான் நிக்க முடியாதா மாமா?" என்றான் இவன். முடியாது.

கணக்கு எழுதுகிறவனுக்குத் தனியாக ஒரு விதி. நேர்வழியில் பொருள் ஈட்டியவனாக இருக்க வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்டித் தூயவன் என்று பெயர் வாங்கினால்தான் மறுபடி அந்த வேலை. தன் கணக்கை முடிக்க இன்னொரு கணக்கனைக் கூட்டி வரக்கூடாது. இன்றைய அலுவலகங்களில் தவறு நேர்ந்ததும் மேலே இருப்பவர் முதலில் செய்வது என்ன? விளக்கம் சொல்லக் கீழே இருப்பவரை அனுப்புகிறார். நான் வேலை பார்த்த இடத்திலும் முப்பது வருடம் அதைத்தான் பார்த்தேன். அதைத் தடுக்கும் விதி ஆயிரத்து நூறு வருடமாக இங்கே கல்லில் இருக்கிறது.

குடத்திலிருந்து வந்த ஓலையை வாங்கும் நடுவர், ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். விரித்த கையில் இன்னொரு ஓலையை ஒளிக்க இடமில்லை.

இவ்வளவு நுணுக்கமாக எழுதிய சபை, யாருடைய சபை என்பதையும் சொல்ல வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் சபை. பெண்ணுக்கு இடமில்லை. ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரியில் இறங்கி மண் வெட்டியவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை.

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ஊர் ஏரியில் நூறு நாள் வேலை நடந்ததைப் பார்த்தேன். பணித்தளப் பொறுப்பாளர் அந்த ஊர்ப் பெண்தான். முப்பது வயதிருக்கும், பத்தாம் வகுப்புப் படித்தவர். அந்த வாரம் கூலி குறைந்து வந்திருந்தது. எல்லோரும் கரை வேப்பமரத்தடியில் கூடி நின்றார்கள். வயதான ஒருவர் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார், "இன்னாம்மா, எங்க போச்சு எங்க காசு?"

ஓவர்சியர் மேல் பழி போடலாம், கம்ப்யூட்டர் மேல் போடலாம். அந்தப் பெண் அப்படிச் செய்யவில்லை. "தாத்தா, ரெண்டு குழிக்கு நான்தான் அளவு கொறச்சி எழுதிட்டேன். என் தப்பு. இன்னைக்கு உங்க எதிர்லயே திரும்ப அளக்கறேன்" என்றார். டேப்பின் ஒரு முனையைப் பெரியவர் கையிலேயே கொடுத்தார். குழி குழியாக இறங்கி, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் உரக்கச் சொல்லி எழுதினார். முடிய ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் கோபம் தணிந்து, கூட இறங்கி எண்ணிக்கொண்டிருந்தவர்களே அதிகம்.

குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. எழுதி முடித்ததும் நோட்டைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளாமல் அவர்கள் பக்கம் திருப்பி, காற்றில் தாள் புரளாமல் ஐந்து விரலையும் விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு பெயராகப் படித்தார். படிக்கத் தெரிந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள். தெரியாதவர்கள் தங்கள் பெயர் வரும்வரை காத்திருந்தார்கள்.