உண்டபின் பத்து நிமிடம்

பணக்கார வியாதி என்று பெயர் சூட்டி வைத்திருந்தனர் நீரிழிவுக்கு. பாலும் நெய்யும் பருகிப் பஞ்சணையில் புரளும் சீமான்களுக்கு வருவது, உழைத்து ஓடாய்த் தேய்பவனை அண்டாது என்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 15 மாநிலங்களில் எடுத்து 2017-ல் வெளியான கணக்கு வேறு கதை சொல்கிறது. வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில், வசதி படைத்தோரைவிட வறியோரிடமே இந்நோய் அதிகமாம்! நாடு முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்டோர் என்றது 2023-ல் வந்த கணக்கு. பங்களாவை விட்டு இறங்கி நம் வீட்டுத் திண்ணையிலே வந்து குந்திவிட்டது அந்த விருந்தாளி.

"காலை முதல் மாலை வரை பாடுபடுகிறோமே, அது போதாதா?" என்று கேட்பர் தோழர்கள். களைப்பு வேறு, நடை வேறு, தோழர்களே! பஸ் ஓட்டுபவர் நாளெல்லாம் உட்கார்ந்தே களைக்கிறார்; தையல் யந்திரத்தின் முன் இருப்பவருக்கும் அதே கதிதான். உடல் சோர்கிறது; தொடைத் தசைக்கோ வேலையில்லை. சோறு மட்டும் பழைய அளவு, இடையிடையே சர்க்கரை போட்ட தேநீர் வேறு.

தசையில்தான் இருக்கிறது சூட்சுமம். உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறுவது உண்டபின் வரும் ஒன்றிரண்டு மணி நேரத்தில். அப்போது நடந்தால் கால் தசை அந்தச் சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. இன்சுலின் சரிவர வேலை செய்யாத உடலிலும், இயங்கும் தசை தன் கதவைத் தானே திறந்துகொள்ளும். நியூசிலாந்தில் 41 நோயாளிகளிடம் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டனர். ஏதோ ஒரு நேரத்தில் அரைமணி நடப்பதைவிட, மூன்று வேளையும் உண்டபின் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 சதவிகிதம் குறைந்தது. இரவு உணவுக்குப் பின்னரோ 22 சதவிகிதம்! நாமோ இரவில்தான் வயிறு முட்ட உண்கிறோம். கை ஈரம் காயுமுன் பாயை விரிக்கிறோம். கூட்டம் முடித்துப் பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிடும் கழகத் தோழர்களைப் பற்றித் தனியே எழுதவேண்டும்!

மாத்திரையை வீசிவிட்டு நடக்கக் கிளம்பும் வீரம் வேண்டாம். 2021 முதல், மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் மருந்து வீட்டு வாசலுக்கே வருகிறது, வாங்கி உண்க. இன்சுலின் போடுவோர்க்கும் சிலவகை மாத்திரை உண்போர்க்கும் நடக்கும்போது சர்க்கரை சட்டென இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் உடனே வாயில் போட நாலு மிட்டாய் சட்டைப் பையில் இருக்கட்டும். வெறுங்காலோடு நடக்கவே கூடாது. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது; சிறு புண் பெரும்புண்ணாகிக் காலையே எடுக்கும் நிலை வரும். உழைப்பவன் வீட்டில் கால் போனால் அடுப்பும் அணையும்.

"சரி, நடக்க நேரம் ஏது?" நியாயமான கேள்வி! ஐந்து மணி நேர வேலைக்குள் அரைமணி இடைவேளை தரவேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். கை கழுவ, கேண்டீன் வரிசையில் நிற்க, உண்ண, திரும்ப ஓடிவர அந்த அரைமணி எங்கே போதும்? வேலைக்கு வெளியே நடக்கலாமென்றால், நடைபாதையில் கார் நிற்கிறது! நடக்கச் சொல்லும் நகராட்சி முதலில் அதை அகற்றட்டும்.

தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: உணவு இடைவேளை பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கும்போது நடக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தெருக்கோடி வரை போய்வர எந்த நிர்வாகத்தின் உத்தரவும் தேவையில்லை. இன்றே கிளம்பலாம், வீட்டாரையும் அழைத்துக்கொண்டு.