பலா மரத்தடியில் என்ன வளரும்?



"வாசலில் பெரிய மரம் நிற்கிறது, அதனடியில் ஒரு செடியும் பிழைக்க மாட்டேன் என்கிறதே!" என்று அலுத்துக்கொள்ளாத வீடு உண்டா? நானும் அலுத்துக்கொண்டவள்தான்.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில். வாசலில் மாமனார் வைத்த பலா. தினமும் அதனடியில் சருகு ஒன்று விடாமல் பெருக்கிக் கொளுத்திவிடுவேன். சுத்தமாக இருக்கிறது என்று பெருமை வேறு! ஐப்பசி மழையில் செம்மண் கரைந்து ஓடி, வேர்கள் விலா எலும்பு மாதிரி துருத்திக்கொண்டன.

ஒரு வருஷம் புல் போட ஆசைப்பட்டு, ஆள் விட்டு முக்கால் அடி ஆழம் கொத்தினேன். வைத்த அருகம்புல் இரண்டே மாதத்தில் மஞ்சளாகிச் செத்தது. அதோடு போகவில்லை. மாசியில் பலாப் பிஞ்சுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. (ஆண் பூ கறுத்து விழுவது இயற்கை, இது பிஞ்சு.) மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. பொறுக்கி முறத்தில் போட்டு என் எதிரே வைத்தார். அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

எங்களுக்குத் தேன் கொண்டுவரும் அக்கா இம்மலையின் பழங்குடி. அவர்களுக்கு மலையாளி என்று பெயர், கேரளத்தார் அல்ல. அவர் பார்த்துவிட்டு, "காட்டுல யாரும்மா பெருக்கறாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் புத்தி வந்தது.

மரத்துக்குச் சாப்பாடு ஊட்டும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணில்தான் இருக்கின்றன. கொத்தினால் அவை அறுபடும். சருகுதான் அவற்றுக்குப் போர்வையும் எருவும். அருகம்புல்லுக்கோ நல்ல வெயில் வேண்டும்.

பிறகு நான் செய்தது இதுதான். சருகை அப்படியே விட்டேன். துருத்திய வேர்களின் மேல் மக்கிய எருவை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் தூவினேன். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கவில்லை. குவித்தால் பட்டை அழுகும். ஆடி மழை தொடங்கியதும் வேருக்கு வேர் நடுவே, கை அகலக் குழியில் சின்னச் செடிகளாக வைத்தேன்.

ஈரம் தங்கும் இடத்தில் வல்லாரை. நல்ல நிழலில் திப்பிலிக் கொடி, தரையோடு படரும். கிளை நுனிக்கு நேர் கீழே, கொஞ்சம் வெளிச்சம் விழும் ஓரத்தில் மஞ்சளும் கூவைக்கிழங்கும். கூவைதான் கடையில் அரரூட் மாவு என்று வருகிறது. குழந்தைக்கு வயிறு சரியில்லாதபோது கஞ்சிக்கு ஆகும். கிழங்கு எடுக்கும்போது மண்வெட்டி வேண்டாம், கையால் கிளறுங்கள். கொல்லிமலையில் நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றுகிறார்களே, அதேபோல் பலாவில் ஒரு மிளகுக் கொடியும் ஏற்றலாம்.

உங்களுடையது புளிய மரமா? அதன் இலைச் சத்து மற்ற விதைகள் முளைப்பதை அடக்கும் என்று ஆராய்ச்சியிலேயே கண்டிருக்கிறார்கள். அங்கே விதை தூவாமல், வறட்சி தாங்கும் மருள் செடியைக் கிழங்கோடு பெயர்த்து வையுங்கள்.

முதல் வருஷம் மழை இல்லாத நாளில் தண்ணீர் விடத்தான் வேண்டும். மரம் குடித்தது போக மிச்சம்தானே செடிக்கு!

பாம்பு, தேள் பயம் உள்ளவர்கள் வீட்டுச் சுவரிலிருந்து மூன்று அடியை வெறுமையாக விடுங்கள். நடக்கும் பாதையை மட்டும் பெருக்குங்கள். சருகுக்குள் வெறும் கையை விடாதீர்கள். சாக்கடையோரம் வளரும் வல்லாரையைச் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.

மூன்றாவது மழைக்கு மண் ஓடவில்லை. பிஞ்சும் நின்றது. இப்போது மாமியாரே மரத்தடியில் குனிந்து வல்லாரை கிள்ளி வருகிறார். உளுத்தம்பருப்பு, மிளகாய், துளி புளி, தேங்காய் சேர்த்து வதக்கி அரைத்தால் துவையல் ஜோர். விளக்குமாற்றுக்கு மட்டும்தான் வேலை குறைந்துவிட்டது!